எத்தனை மீட்டர் ஆழத்தில் வலித்தது?

இந்தக் கேள்வியை ஒரு மருத்துவர் என்னிடம் கேட்பதற்கு 11 நாட்கள் ஆயின. அதற்கு முன்பு என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த இருவரும் அக்கறையோடுதான் பார்த்தார்கள். ஆனால் ஒருவரிடம் கருவி இல்லை, மற்றவருக்குக் கடல் பழக்கமில்லை. நடுவில் அலட்சியமாக இருந்தவன் நான்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கூபா டைவிங் முடித்து ஊர் திரும்பியபின் காது அடைத்துக்கொண்டு, யாரிடம் போவது என்று தெரியாமல் தடுமாறும் ஒருவருக்குப் பயன்படலாம் என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். கணக்கு எழுதிப் பிழைப்பவன்.

2023 ஜனவரியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குச் சென்றிருந்தேன். 2018 டிசம்பரிலேயே அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். படகுத்துறையில் பேசிக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஹேவ்லாக் என்றே சொல்கிறார்கள். நான்கு நாள் அடிப்படைப் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். சென்னையின் மார்கழிச் சளி முழுதாக விடவில்லை. கட்டிய பணத்தை நினைத்து, காலையில் மூக்கில் ஒரு ஸ்பிரே அடித்துக்கொண்டு படகேறினேன். மூன்றாவது முக்குளிப்பில், நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது ஏறக்குறைய 3 மீட்டரில் இடது காது வலிக்கத் தொடங்கியது. சற்று மேலே போகும்படி பயிற்றுநர் சைகை செய்தார். அரை மீட்டர் ஏறினேன். கீழே மற்ற மூவரும் எனக்காகக் காத்திருப்பது தெரிந்தது. அந்தக் கூச்சத்தில், மூக்கைப் பிடித்துக்கொண்டு என் பலம் முழுவதையும் திரட்டி ஊதினேன். காதுக்குள் ‘டொப்’பென்று ஒரு சத்தம் கேட்டது, வலி போய்விட்டது. அடைப்புத் திறந்துவிட்டது என்று மகிழ்ந்து, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் ‘சரி’ என்று காட்டிவிட்டுக் கீழே போனேன். 11 மீட்டர் ஆழத்தில் 35 நிமிடங்கள் இருந்தோம்.

மேலே வந்து படகின் ஏணியில் கால் வைத்தபோது கடல் முழுவதும் இடப்பக்கமாகச் சாய்ந்தது. வாந்தி எடுத்தேன். அலையில் படகு ஆடியதுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மாலைக்குள் கிறுகிறுப்பு குறைந்தது. ஆனால் இடது காதில் பஞ்சு திணித்ததுபோல் ஓர் அடைப்பும், தொலைவில் எங்கோ குக்கர் விசில் அடங்காமல் இழுத்துக்கொண்டிருப்பதுபோல் ஓர் இரைச்சலும் தங்கிவிட்டன.

உள்ளே என்ன நடந்தது என்பதை அப்போது அறிந்திருந்தால் அன்றிரவே அலைந்திருப்பேன். நீர்மட்டத்தில் நம்மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. 10 மீட்டர் இறங்கினால் அது இரண்டு மடங்காகிறது. செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்றொரு சிறு காற்றறை உண்டு. அங்கே இருக்கும் காற்று அழுத்தத்தில் சுருங்கும்போது, தொண்டையின் பின்புறத்திலிருந்து யூஸ்டேகியன் குழாய் வழியாகப் புதுக்காற்று போய்ச் சேர்ந்தால்தான் செவிப்பறை உட்பக்கமாக இழுபடாமல் இருக்கும். அந்தக் குழாயின் தொண்டைப் பக்கத்து வாய் மென்மையான சவ்வால் ஆனது. இடையில் சமன்செய்யாமல் ஒன்றேகால் மீட்டர் அளவு இறங்கினாலே அது ஒட்டிக்கொண்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. நான் அந்த ஆழத்தைத் தாண்டி இருமடங்கு போனபிறகுதான் ஊதினேன். மூச்சைப் பிடித்து முக்கும்போது தலைக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம் ஏறுகிறது. அது, ஒலியையும் சமநிலையையும் உணரும் உட்செவியின் திரவத்துக்கும் பரவுகிறது. ஒரு பக்கம் காற்றுக் குறைந்து உறிஞ்சும் நடுச்செவி, மறுபக்கம் பொங்கி வரும் உட்செவித் திரவம். இடையில் வட்டச் சாளரம் என்னும் மெல்லிய சவ்வு. அது கிழியலாம், கசியலாம், உள்ளே இரத்தம் கட்டலாம். மூக்கைப் பிடித்து ஊதும் இந்த முறைக்குப் பெயர் தந்த இத்தாலிய மருத்துவர் வல்சால்வா 1723இல் இறந்துவிட்டார். கடலுக்குள் இறங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஊதும்படி அவர் யாருக்கும் சொல்லவில்லை.

தீவில் இருந்த அரசு மருத்துவர் இளைஞர். செவிப்பறை சிவந்திருக்கிறது, ஓட்டை இல்லை என்று சொன்னார். வலி மாத்திரை எழுதிக்கொடுத்து, இனி இறங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கூடவே, “என்னிடம் இந்த விளக்கு மட்டும்தான் இருக்கிறது, கேட்கும் திறனை அளக்கும் கருவி இங்கே இல்லை. போர்ட் பிளேரிலோ சென்னையிலோ இறங்கிய உடனே அந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்” என்றார். இந்த 11 நாட்களில் எனக்குக் கிடைத்த முதல் சரியான அறிவுரை அதுதான். சிவந்திருக்கிறது, ஓட்டை இல்லை என்ற இரண்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துபோனேன்.

அடுத்த தவறு விமானம். முக்குளித்த பின் பல நாள் இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் 48 மணி நேரம் காத்திருந்தேன், எனவே விதியைப் பின்பற்றிவிட்டதாக நினைத்தேன். அந்த 18 மணி நேரம் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவதற்கான கணக்கு. அடிபட்ட காதுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விமானத்துக்குள் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையின் மேல் இருப்பதைப் போன்றது; ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை காது அதைச் சமாளித்தாக வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கப்பலில் வந்தால் மூன்று நாள் வரை ஆகும். பறந்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்தச் சில நாட்களைப் போர்ட் பிளேரிலேயே ஒரு காது மருத்துவரிடம் காட்டிக் கழித்திருக்கலாம். விடுப்பு முடிகிறது என்று பறந்தேன். மீனம்பாக்கத்தில் தரையிறங்கியபோது விசில் சத்தம் ஒரு சுருதி ஏறியிருந்தது.

மறுநாள் வீட்டுக்கு அருகில் இருக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் “சளியா, குறும்பியா?” என்று கேட்டு, சளி என்று எழுதிக்கொண்டார். அந்தச் சீட்டில் எழுதியதே என் நோயாகிவிட்டது. மருத்துவரிடம் ஸ்கூபா என்று சொன்னேன்; “ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் மாட்டிக்கொண்டு போவீர்களே, அதுதானே?” என்று புன்னகைத்தார். (அந்தச் சிலிண்டரில் இருப்பது நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்று, அழுத்தி அடைத்தது. இதைத் திருத்திச் சொல்லும் துணிவு நோயாளிக்கு வராது.) செவிப்பறை இப்போது ஏறக்குறைய இயல்பாக இருக்கிறது, உள்ளே கொஞ்சம் நீர் கோத்திருக்கலாம், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லி, சளி மாத்திரையும் மூக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. காது அடைப்பு என்று அவரிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அதுவே சரியான மருத்துவம். ஆனால் செவிப்பறை நடுச்செவியின் கதவு மட்டுமே; கதவு நன்றாக இருப்பதால் உள்ளறையில் ஒன்றும் உடையவில்லை என்று ஆகிவிடாது.

ஆறு நாட்கள் மாத்திரை சாப்பிட்டேன். எனக்குச் சந்தேகம் வந்தது அடையாற்றில் சாலையைக் கடக்கும்போது. ஹாரன் கேட்டது, எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. இரண்டு காதும் ஒத்துழைத்தால்தான் ஒலியின் திசை புலப்படும் என்பதை அந்த ஆட்டோ ஓட்டுநரின் வசவோடு சேர்த்துத் தெரிந்துகொண்டேன். அன்றிரவு அண்ணனிடம் சொன்னபோது, அவர் எங்கள் அப்பாவின் ஊரை நினைவுபடுத்தினார். கீழக்கரைப் பக்கம், சங்கு குளிக்கப் போன பெரியவர்கள் சிலர் எங்கள் உறவில் உண்டு. அவர்களிடம் பேசப் போனால் இந்தப் பக்கமாகப் போய் உட்காருங்கள், அந்தக் காது கேட்காது என்று சிறு வயதில் எங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். ஏன் என்று நாங்கள் கேட்டதே இல்லை. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பைப் பற்றிப் பயிற்சிப் புத்தகத்தில் படித்திருந்தேன். 1980இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முக்குளிப்பவர்களுக்கான அவசரத் தொலைபேசி ஒன்றை இரவும் பகலும் நடத்துகிறது. உறுப்பினர் அல்லாதவர்களும் அழைக்கலாம். அவர்கள் மருந்து எழுதித் தருவதில்லை. எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று சொல்வார்கள். நான் ஒன்பதாம் நாள் அவர்களைத் தொடர்புகொண்டேன். ஆழம் என்ன, எவ்வளவு நேரம், வலி இறங்கும்போதா ஏறும்போதா, கிறுகிறுப்பு எப்போது தொடங்கியது என்று வரிசையாகக் கேட்டார்கள். இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. உட்செவி பழுதாவதற்கு முக்குளிப்பில் முதன்மையாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று என்னுடையதைப் போல் அழுத்தக் காயம். மற்றொன்று, நைட்ரஜன் குமிழிகள் உட்செவியில் தேங்குவது. இரண்டாவதற்கு மறுஅழுத்த அறையில் படுக்க வைத்து அழுத்தத்தை ஏற்ற வேண்டும். முதலாவதில் அதே அழுத்த மாற்றம் காயத்தைப் பெரிதாக்கிவிடக்கூடும். மாற்றிப் புரிந்துகொண்டால் மருந்தே கேடாகும். நான் கற்றுக்கொண்ட அட்டவணைப்படி 12 மீட்டரில் 147 நிமிடங்கள் வரை இருந்தாலும், நைட்ரஜன் வெளியேறுவதற்காக மேலேறும் வழியில் நின்று வர வேண்டியதில்லை. நான் இருந்தது 35 நிமிடம். வலியும் இறங்கும்போதே வந்தது. எனவே குமிழியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார்கள். உட்செவியைத் தனியாகப் படித்த ஒருவரிடம், எலும்பு வழிக் கேட்டலையும் (மண்டை எலும்பின் அதிர்வாக உட்செவிக்கு நேரே போகும் ஒலியை) சேர்த்து அளக்கும் ஆடியோகிராம் என்னும் கேட்கும் திறன் சோதனை ஒன்றை ஒரு நாளும் தள்ளாமல் எடுத்துவிடும்படி சொன்னார்கள். தீவின் இளம் மருத்துவர் சொன்னதேதான்.

அந்த ஒருவர் யார் என்பதுதான் கடினமாக இருந்தது. இணையத்தில் தேடினால் முக்குளிப்புக் கடைகளின் விளம்பரங்களே வந்தன. அழுத்தத்தில் அடிபட்ட காதுகளைத் தொழில்முறையில் யார் பார்ப்பார்கள் என்று மாற்றி யோசித்தேன். கடற்படை. மும்பையில் ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி மருத்துவமனையையொட்டிக் கடற்படை மருத்துவக் கழகம் இருக்கிறது. முக்குளிப்பு மருத்துவத்தைத் தனித்துறையாகவே படித்த மருத்துவர்கள் கடற்படையில் உண்டு, அவர்களில் ஓய்வு பெற்றவர்கள் வெளியிலும் பணிபுரிகிறார்கள். விமானப்படையும் அப்படியே, பெங்களூரில் விமான விண்வெளி மருத்துவக் கழகம் இருக்கிறது, விமானிகளின் காதும் எங்கள் காதும் ஒரே துன்பத்தைத் தலைகீழாக அனுபவிப்பவை. ஆனால் என் கையில் மிஞ்சியிருந்தது சில நாட்கள்தான். கடைசியில் வழி காட்டியது மிக எளிய ஒரு கேள்வி. புதுச்சேரியில் முக்குளிப்புப் பயிற்றுநராக இருக்கும் நண்பரின் நண்பரை அழைத்து, “உங்கள் மாணவர்களை எங்கே அனுப்புவீர்கள்?” என்று கேட்காமல், “உங்கள் சொந்தக் காதை யாரிடம் காட்டுவீர்கள்?” என்று கேட்டேன். அரிசிக் கடைக்காரரிடம் நல்ல அரிசி எது என்று கேட்பதற்கும், அவர் வீட்டில் எது பொங்குகிறது என்று கேட்பதற்கும் இருக்கும் வேறுபாடு அது. தயங்காமல் சென்னையில் ஒரு பெயரைச் சொன்னார். உட்செவியும் சமநிலையும் சார்ந்த கோளாறுகளையே பெரும்பாலும் பார்ப்பவர்.

அவர் கேட்டதுதான் இந்தத் தலைப்பு. 3 மீட்டர் என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, “ஊதினீர்களா? எவ்வளவு பலமாக?” என்றார். பிறகு ஓர் இசைக்கவையைத் தட்டி அதன் காம்பை என் நெற்றி நடுவில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். வலப்பக்கம், அதாவது நல்ல காதில் கேட்டது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். நடுச்செவியில் நீரோ சளியோ அடைத்திருந்தால் நெற்றியில் வைத்த ஒலி அடைத்த காதிலேயே உரக்கக் கேட்கும். உட்செவி நரம்புப் பகுதி பழுதானால்தான் நல்ல காதுக்கு ஓடும். வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று நீட்டி ஒலித்தாலே இதை ஓரளவு வீட்டில் அறியலாம் என்று சொன்னார். ஒரு விரலால் காதை அடைத்துக்கொண்டு ‘ம்’ சொல்லிப் பாருங்கள், ஒலி அடைத்த காதுக்கே வரும். எனக்கு அந்த ‘ம்’ 11 நாட்களாக வலப்பக்கமே போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும், நான் சொல்லிப் பார்க்கவில்லை. (சோதனைக்கு இது ஈடாகாது, உயர்ந்த சுருதிகள் மட்டும் போயிருந்தால் ‘ம்’ நடுவிலேயே நின்று ஏமாற்றிவிடும்.) பிறகு கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே 50 முறை கால் மாற்றி நடக்கச் சொன்னார். நேராகத்தான் நிற்கிறேன் என்று நம்பிக் கண்ணைத் திறந்தால், மேசையைப் பார்த்து நின்றவன் இடப்பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடியோகிராமில் வலது காது இயல்பு. இடது காது 500 ஹெர்ட்ஸில் 35 டெசிபெல், 4,000 ஹெர்ட்ஸில் 60 டெசிபெல் (எண் ஏற ஏறக் கேட்கும் திறன் குறைவு). காற்று வழிக் கோடும் எலும்பு வழிக் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இடைவெளி இருந்திருந்தால் நடுச்செவிக் கோளாறு, இல்லாததால் உட்செவி. உட்செவியின் திடீர்க் கேளாமைக்கு ஸ்டீராய்டு கொடுப்பதென்றால் முதல் இரண்டு வாரங்களுக்குள் கொடுப்பதே பலன் தரும் என்பதுதான் நடைமுறை. அழுத்தக் காயத்துக்கும் அதையே பின்பற்றுகிறார்கள். எனக்கு மூன்று நாட்கள் மிச்சம் இருந்தன. எடைக்கு ஏற்ற அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கி, பிறகு படிப்படியாகக் குறைத்தார். என் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்ததால் தினமும் அளக்கச் சொன்னார்; அந்த நாட்களில் இட்லியைக்கூட எண்ணித்தான் சாப்பிட்டேன்.

மருந்தைவிடக் கடினமானது ஓய்வு. தலைப்பக்கம் 30 பாகை உயர்ந்திருக்கும்படி படுக்க வேண்டும், மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தண்ணீர்க் கேனைத் தூக்கக் கூடாது, மலச்சிக்கல் வந்து முக்கக் கூடாது என்பதற்காக அதற்கும் ஒரு மருந்து. முக்குவதில் தொடங்கிய காயம் முக்காமல்தான் ஆற வேண்டும். கேட்கும் திறன் மேலும் இறங்கினால் காதைத் திறந்து வட்டச் சாளரத்தை ஒட்டுப்போட வேண்டியிருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, மூன்று நாளைக்கு ஒரு முறை வரச் சொல்லிச் சோதித்தார். அறுவைக்கு அவசியம் வரவில்லை. ஐந்து வாரங்களில் 500 ஹெர்ட்ஸ் இயல்புக்கு வந்தது. 4,000 ஹெர்ட்ஸ் 40 டெசிபெலில் நின்றுவிட்டது. விசில் போகவில்லை. மின்விசிறி ஓடும் அறையில் அது கேட்பதில்லை; நள்ளிரவில் மின்சாரம் நின்றால் கேட்கும்.

இப்போது யாராவது என்னை அழைத்தால், மருத்துவர் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு தாளை எடுக்கச் சொல்கிறேன். எந்தத் தேதி, எத்தனை முக்குளிப்பு, அதிகபட்ச ஆழம், நேரம், வலி தொடங்கிய ஆழம், ஊதியது பலமாகவா, கிறுகிறுப்பு எந்த நிமிடத்தில், இரைச்சல் உண்டா, அதன்பின் பறந்தீர்களா என்று எழுதி, வரவேற்பில் “சளியா?” என்று கேட்பவரிடமும் அந்தத் தாளையே நீட்டச் சொல்கிறேன். காது மடலை இழுத்தால் வலிக்கிறது என்றால் அது பெரும்பாலும் புறச்செவித் தொற்று; அதற்கு அருகில் இருக்கும் எந்தக் காது மருத்துவரும் போதும். வெறும் அடைப்பும் வலியும் மட்டும் என்றால் பெரும்பாலும் நடுச்செவி. அதுவும் பொதுவாகத் தானே ஆறும். ஆனால் கிறுகிறுப்பு, இரைச்சல், கேளாமை இவற்றில் ஏதாவது ஒன்று கூட இருந்தாலும் அன்றே ஆடியோகிராம் கேளுங்கள் என்பேன். முக்குளித்த சில மணி நேரத்துக்குள் கிறுகிறுப்பு தொடங்கி, ஆழமாகவும் நெடுநேரமும் போயிருந்தால் காதைப் பற்றியே யோசிக்காமல் முதலில் அவசரத் தொலைபேசியை எடுக்க வேண்டும். அந்தமானில் இருப்பவர்களுக்குப் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கடற்படையிடம் மறுஅழுத்த அறை இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய எந்தச் சொட்டு மருந்தையும் விடக் கூடாது. ஜென்டாமைசின், நியோமைசின் வகைச் சொட்டுகள் ஓட்டை வழியாக உள்ளே போனால் உட்செவியையே கெடுக்கக்கூடும்.

மீண்டும் கடலுக்குள் போகலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். இப்போது கையெழுத்துப் போட மாட்டேன், ஆறு மாதம் கழித்து இன்னொரு ஆடியோகிராம் எடுத்துவிட்டுப் பேசுவோம் என்றார். கையெழுத்து என்று அவர் சொன்னது பயிற்சிக்கு முன் நிரப்பும் உடல்நலப் படிவத்தில். காது, மூக்கு பற்றிய கேள்வி அதில் தனியாகவே இருக்கிறது. கேட்கும் குறை, சமநிலைக் குறை என்று உட்பிரிவுகளும் உண்டு. ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் இறங்க விட மாட்டார்கள். ஹேவ்லாக்கில் அந்தப் படிவத்தை, தேநீர் ஆறுவதற்குள் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று நிரப்பிக் கொடுத்திருந்தேன். அன்று என்னிடம் இருந்த சளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் படிவத்தின் புதிய பிரதி ஒன்றை அச்செடுத்து, ஆடியோகிராம்கள் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறேன். காது பற்றிய கட்டத்தில் மட்டும் ‘ஆம்’ என்று எழுதியிருக்கிறேன். மருத்துவர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது.